மேய வந்த மரம்

மழை பேஞ்சா வெள்ளாமை, பேயலைன்னா வெறும் பொட்டல்னு கெடந்த ஒரு நாட்டுல, ஒரே ஒரு ஊர்ல, ஒரு ராசா இருந்தாரு. நல்ல ராசாதான். யாரையும் அடிக்க மாட்டாரு, யாரையும் வைய மாட்டாரு, யாரு என்ன கேட்டாலும் "ஆகட்டும்"னு சொல்லிப்புடுவாரு. காலையில பல்லு வெளக்கையில ஒருத்தன் வந்து, "ராசா, எனக்குக் கெணறு வெட்டித் தாங்க"ன்னா, ஆகட்டும். மத்தியானம் இன்னொருத்தன் வந்து, "ராசா, அந்தக் கெணத்தை மூடித் தாங்க"ன்னா, அதுக்கும் ஆகட்டும். அதனால ஊருக்குள்ள அவரு பேரே ஆகட்டும் ராசான்னு ஆயிப்போச்சு. ஆனா ஒண்ணு, சொன்ன சொல்லு மாற மாட்டாரு. தலையே போனாலும் மாற மாட்டாரு. அதை வச்சுத்தான் அவரைக் கவுத்தாங்க, கேளுங்க.

அந்த ராசாவுக்கு ஒரு மந்திரி, கொழுந்துவேலு மந்திரின்னு பேரு. பேசினா அப்படியே வெல்லப்பாகு ஒழுகும். அவரு ஒருநாள் கப்பல்காரன்கிட்ட ஒரு செடியை வாங்கிக்கிட்டு, மண்சட்டியில வச்சு, ராசா முன்னாடி கொண்டாந்து எறக்கினாரு.

"ராசா, ராசா, இது சீமைக்கருவை. கடலுக்கு அங்கிட்டு இருந்து வந்திருக்கு. வேலியா வச்சா ஆடு மாடு நுழையாது. தண்ணி ஊத்தாமலே வளரும். வெட்டினா விறகு, சுட்டா கரி."

"ஆகட்டும், நடுங்க."

"நாட்டுக்கு இம்புட்டு நன்மை கொண்டாந்திருக்கேன், எனக்கு ஒண்ணும் கெடையாதா ராசா?"

"கேளுமய்யா, என்ன வேணும்?"

"பெருசா ஒண்ணும் வேணாம். இந்த மரம் நிக்கிற எடம் எனக்கு. என் மரத்து மேல வேற யாரும் கை வைக்கக் கூடாது. அம்புட்டுத்தான்."

ராசா செடியைப் பாத்தாரு. சாண் உசரம் இருந்துச்சு. இது நின்னா எம்புட்டு எடத்தைப் பிடிச்சிரப் போகுதுன்னு நெனச்சுக்கிட்டு, "ஆகட்டும்"னுட்டாரு. உடனே தமுக்கு அடிச்சுச் சொல்லியாச்சு: மரம் நிக்கிற எடம் மந்திரிக்கு, மரத்தைத் தொட்டவனுக்கு நாட்டுல எடம் கெடையாதுன்னு.

மந்திரி அதைத் தன் வீட்டுக்குப் பின்னால நட்டாரு. அது வளந்துச்சு, காய்ச்சுச்சு, காய் விழுந்து மொளச்சுச்சு, அப்புறம் தோப்பாயிருச்சு. அது வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல.

இப்ப இருளாயி வாரா. யாரு இருளாயி? ஆட்டுக்காரி. புருசன் பாம்பு கடிச்சுச் செத்துப்போனான். அவன் தங்கச்சி வீராயி, கட்டிக்குடுத்த எடத்துல பொழைக்க முடியாம வந்துட்டா. நாத்துனாவும் மதினியும் ஒரே அடுப்புல கஞ்சி காச்சிக் குடிச்சாங்க. இருளாயிக்கு ஒரு மந்தை ஆடு. வீராயிக்குக் கம்மாக்கரை ஓரமா ஒரு துண்டுப் புஞ்சை. கஞ்சிக்குக் கம்பு அந்தப் புஞ்சையிலருந்துதான் வரணும், வேற வழி கெடையாது. காலையில எந்திரிச்சதும் சண்டை போடுவாங்க, சாயங்காலம் ஒருத்திக்கு ஒருத்தி தலை பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க.

கிடை போடுறதுன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? தெரியாதா? ஆட்டு மந்தையைக் கொண்டாந்து ராத்திரி ஒரு புஞ்சையில அடைச்சு வைப்பாங்க. புழுக்கையும் மூத்திரமும் மண்ணுல எறங்கும், மறு மழைக்குப் பயிரு கருகருன்னு வரும். அதுக்கு சம்சாரிங்க, அதான் வெள்ளாமைக்காரங்க, வெத்தலை பாக்கு வச்சு அழைப்பாங்க, கம்போ கேப்பையோ படியளப்பாங்க. இருளாயி கிடைன்னா அந்த ஊர்ல அம்புட்டு மவுசு.

ஒருநாள் மந்திரி அவளைக் கூப்பிட்டாரு.

"இருளாயி, கோடையில மேய்ச்சல் இல்லாம ஆடெல்லாம் எலும்பா நிக்குதே, பாக்கவே பாவமா இருக்கு. நம்ம தோப்புல மஞ்ச மஞ்சளாக் காய் உதுந்து கெடக்கு. தித்திப்பா இருக்கும். மேய விடு. எனக்கு ஒண்ணும் தர வேணாம்."

"சாமி, நெசமாவா?"

"நெசந்தான். ஒண்ணே ஒண்ணு, வயிறு நெறஞ்சதும் இங்க படுக்கப் போடாதே. அப்படியே கிடைக்கு ஓட்டிட்டுப் போயிரு. பாவம், சம்சாரிங்க எருவுக்குத் தவிக்கிறாங்க."

இருளாயிக்குக் கண்ணு கலங்கிருச்சு. இந்த மனுசனைப் பெத்த வயித்துக்குக் கோயில் கட்டிக் கும்பிடணும்னு நெனச்சா. வெள்ளந்திப் பொம்பளை, என்ன செய்வா?

தோப்புல மேய விட்டா, கிழக்குப் புஞ்சையில கிடை போட்டா. தோப்புல மேய விட்டா, மேக்குப் புஞ்சையில கிடை போட்டா. தோப்புல மேய விட்டா, வீராயி புஞ்சையைத் தவிர கம்மாக்கரைப் புஞ்சை அம்புட்டுலயும் கிடை போட்டா. மழையும் வந்துச்சு. கம்பு மொளச்சுச்சு, கம்போட கூட முள்ளுச்செடியும் மொளச்சுச்சு. இது எங்கருந்து வந்துச்சுன்னு யாருக்கும் தெரியல. காத்துல வந்துச்சுன்னான் ஒருத்தன், சாமி குத்தம்னான் ஒருத்தன். பிடுங்கிப் போடலாம்னா தொடக்கூடாது. செடி முழங்கால் உசரம் வந்ததும் மந்திரி ஆளு வருவான், அதுல ஒரு செவப்புத் துணியைக் கட்டுவான், அன்னைக்கே அந்தப் புஞ்சை மந்திரிக்குப் போயிரும்.

போனது புஞ்சை மட்டுமா? அந்த மரத்து வேரு அடிக்கு மேல அடி எறங்கித் தண்ணியைத் தேடிக் குடிக்கும். கெணத்துல வாளி விட்டா சேறு வந்துச்சு. மரத்தடியில ஒரு புல்லு பூண்டு மொளைக்கல. மந்திரி ஆளுங்க கரிக்காக மரத்தை வெட்டுவாங்க, வெட்டின எடத்துல ஒண்ணுக்கு நாலாத் தழையும். நேத்து வரைக்கும் ஏரு பூட்டின சம்சாரி இன்னைக்கு மந்திரியோட கரிமூட்டத்துல மூஞ்சி கறுத்து நின்னான். இருளாயி என்ன செஞ்சா தெரியுமா? அவங்க வீட்டுக்கெல்லாம் போயி, "அழாதீங்க, மிச்சப் புஞ்சையாச்சும் நல்லா வெளையட்டும், நான் கிடை போட்டுத் தாரேன்"னு ஆறுதல் சொல்லிட்டு வந்தா. சிரிக்காதீங்க, அவளுக்கு ஒண்ணும் தெரியாது.

கடைசியா நாத்துனா புஞ்சை ஒண்ணுதான் பாக்கி. நம்ம புஞ்சையாச்சேன்னு ஆசையா அதுல நாலு நாளு கூடுதலாவே கிடை போட்டு வச்சா. மழை பேஞ்சு, மண்ணு பொளந்து, ஒருநாள் காலையில வீராயி போட்ட கூச்சல் ஊரு எல்லைக்குக் கேட்டுச்சு.

"மதினி! அடி மதினி! நம்ம புஞ்சையிலயும் வந்துருச்சே! இன்னும் ஒரு மாசத்துல துணியைக் கட்டிருவானே! இனிமே கஞ்சிக்கு எங்கிட்டுப் போவோம்?"

இருளாயி ஓடி வந்து செடியைப் பாத்தா. நேரா மந்திரி தோப்புக்குப் போனா. உச்சி வெயிலு. ஆளு அரவம் இல்ல. இருக்கிறதுலயே பெரிய மரத்துக்கு முன்னாடி நின்னு, ரெண்டு கையிலயும் மண்ணை வாரித் தூத்தி, "ஏ சீமைக்கருவையே, காலு இல்லாத கழுதையே, நீ எப்படி எங்க புஞ்சைக்கு வந்தே?"ன்னு கேட்டா.

மரம் சலசலன்னு சிரிச்சுச்சு.

"எனக்குக் காலு எதுக்கு இருளாயி? உன் ஆட்டுக்குத்தான் நாலு காலு இருக்கே. என் காயை அது திங்குது. சதை அதுக்கு, கொட்டை எனக்கு. வயித்துச் சூட்டுல கொட்டையோட தோலு எளகும். நீ பத்திரமா ஓட்டிட்டுப் போயி, நல்ல புஞ்சையாப் பாத்து எறக்கி விட்டு, எருவும் சேத்துப் போடுறே. பெத்த தாய்கூட என்னைய இப்படிப் பாத்ததில்ல."

இருளாயி கீழ குனிஞ்சு ஒரு புழுக்கையை எடுத்துப் பிச்சுப் பாத்தா. உள்ள ஒரு கொட்டை, அதுல வெள்ளையா ஒரு மொளை. "அட பாவி மனுசா, இதுக்குத்தானா மேய விடச் சொன்னே, இதுக்குத்தானா உடனே ஓட்டிட்டுப் போகச் சொன்னே!"ன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டா. ஊரையே தன் கையால வெதச்சு நாசம் பண்ணியிருக்கோமேன்னு அவளுக்கு வந்த அழுகை இருக்கே, அது சொல்லி முடியாது. அழுது முடிச்சுட்டு கோவத்தோட நிமிந்தா.

"உன்னைய வெட்டிப்புடுவேன்."

"வெட்டு. ஒண்ணுக்கு நாலா வருவேன்."

"எரிச்சுப்புடுவேன்."

"எரி. சாம்பலைத் தின்னுட்டுத் தழைவேன்."

"தண்ணியில்லாமக் காயப் போடுவேன்."

"போடு. கெணத்துக்குள்ள நானே எறங்கிக் குடிச்சுக்கிடுவேன்."

"அப்ப உனக்குச் சாவே கெடையாதா?"

பெருமை தாங்கல மரத்துக்கு. "எல்லாருக்கும் கழுத்து வெளிய இருக்கு, அறுத்தாச் செத்தான். எனக்குக் கழுத்து மண்ணுக்குள்ள இருக்கு. அது யாருக்குத் தெரியும்?"னு சொல்லிப்புட்டு, அப்புறந்தான் நாக்கைக் கடிச்சுக்கிட்டுச்சு. அதுக்கப்புறம் என்ன கேட்டாலும் பேசல.

இருளாயி வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் நாத்துனாகிட்டச் சொன்னா. "ராசாகிட்டப் போயி சொல்லிருவோமா வீராயி?"

வீராயி தலையில அடிச்சுக்கிட்டா. "நல்லாச் சொன்னே போ! ராசா குடுத்த சொல்லை மாத்த மாட்டாரு. மந்திரி பழியை உன் மேல போட்டுருவாரு. புஞ்சையும் போயி, உன் ஆட்டையும் அறுத்துக் கொழம்பு வச்சிருவாங்க. நம்ம வலி நமக்குத்தான் தெரியும் மதினி, ராசா மேல பட்டிருந்தா அவருக்கும் தெரியும்."

அதைக் கேட்டதும் இருளாயி எந்திரிச்சு, தலையை முடிஞ்சுக்கிட்டு, ஆட்டை ஓட்டிட்டுப் போயி தோப்புல வயிறு முட்ட முட்ட மேய விட்டா. நேரா அரமணைக்குப் போனா.

ராசா ஊஞ்சல்ல உக்காந்திருக்காரு, பக்கத்துல மந்திரி நிக்காரு.

"ராசா, ஊருல எல்லாப் புஞ்சைக்கும் கிடை போட்டேன். உங்க நந்தவனத்துக்கு மட்டும் போடல. மல்லிகை பூக்காமக் கெடக்குன்னு கேள்விப்பட்டேன், எனக்கு மனசு கேக்கல."

மந்திரி குறுக்க வந்தாரு. "வேணாம் ராசா, நாத்தம் அடிக்கும்."

"ஊருக்கெல்லாம் நல்லதுன்னு நீருதானய்யா சொன்னீரு?"ன்னாரு ராசா.

காரணத்தைச் சொன்னா மந்திரி குட்டு வெளிப்பட்டுப் போயிரும். சரி, சொல்லாம இருந்தா என்ன ஆகும்னு யோசிச்சாரு. நந்தவனத்துல மரம் வந்தா நந்தவனம் எனக்கு. அரமணை முத்தத்துல வந்தா அரமணையே எனக்கு! அப்படி ஒரு நெனப்பு வந்ததும் மூஞ்சி தெளிஞ்சிருச்சு. "நல்ல ரோசனைதான் ராசா"ன்னாரு.

"ஆகட்டும்"னாரு ராசா.

நந்தவனத்துல ஒரு கிடை, குதிரை லாயத்து முன்னால ஒரு கிடை, அரமணை முத்தத்துல ஒரு கிடை. அங்கெல்லாம் நெதம் தண்ணி இறைச்சு ஊத்துவாங்களே, செடி கிடுகிடுன்னு வந்துச்சு. வீராயி புஞ்சையில கணுக்கால் உசரம் நிக்கையில, இங்க முழங்கால் உசரம் வந்துருச்சு. ஒருநாள் ராசா வெறுங்காலோட முத்தத்துல நடந்தாரு. ஊசியாட்டம் முள்ளு, சுருக்குன்னு ஏறிருச்சு. "யப்பா!"ன்னு ஒத்தக் கால்ல குதிச்சுக்கிட்டே அந்தச் செடியைப் பிடுங்கப் போனாரு.

"தொடாதீங்க ராசா!"ன்னு ஒரு சத்தம். பாத்தா மந்திரி, கையில செவப்புத் துணி. முத்தத்துச் செடியில ஒரு துணி கட்டினாரு, நந்தவனத்துல ஒண்ணு கட்டினாரு, லாயத்துல ஒண்ணு கட்டினாரு.

"மரம் நிக்கிற எடம் எனக்குன்னு சொல்லு குடுத்திருக்கீங்க ராசா."

"அப்ப நான் எங்கய்யா போயிப் படுப்பேன்?"

"சத்திரம் இருக்கு ராசா. நல்லாக் காத்து வரும்."

ராசாவுக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. எப்பவும் வர்ற "ஆகட்டும்" அன்னைக்கு வாயில வரல. சொல்லைக் காப்பாத்தினா வீடு போகும், வீட்டைக் காப்பாத்தினா சொல்லு போகும். ஊரு சனமெல்லாம் கூடிப்போச்சு. அந்தக் கூட்டத்துக்குள்ள ஆட்டையும் ஓட்டிக்கிட்டு, நாத்துனாவையும் கூட்டிக்கிட்டு இருளாயி வந்தா.

"ராசா, இந்த மரம் எப்படி வந்துச்சுன்னு மந்திரியக் கேளுங்க."

"காத்துல வந்துச்சு"ன்னாரு மந்திரி.

இருளாயி முந்தானை முடிச்சை அவுத்தா. அதுல மொளை விட்ட புழுக்கை. ராசா கையில குடுத்தா. மந்திரி மேயக் கூப்பிட்டது, உடனே ஓட்டிட்டுப் போகச் சொன்னது, எல்லாத்தையும் ஒண்ணு விடாமச் சொன்னா. கிழக்குப் புஞ்சைக்காரனும் மேக்குப் புஞ்சைக்காரனும் பல்லைக் கடிச்சாங்க.

மந்திரி கூசாமச் சொன்னாரு: "அப்ப குத்தம் ஆட்டுக்காரி மேல. ஆட்டை அறுங்க!"

வீராயி மதினி கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. ஆனா இருளாயி விடல.

"ராசா, என் ஆடு அடுத்தவன் புஞ்சையில வாய் வச்சா யாரு தண்டம் கட்டணும்?"

"நீதான். ஆட்டுக்காரிதான்."

"அந்த ஆட்டை யாரு பிடிச்சுட்டுப் போகணும்?"

"அதுவும் நீதான்."

"சரி ராசா. இந்த மரமெல்லாம் யாரு மரம்?"

மந்திரி நெஞ்சை நிமித்தினாரு. "என் மரம். ஊருல நிக்கிற அம்புட்டும் என் மரம். வேற ஒருத்தரும் தொடக்கூடாது."

"அப்ப உங்க மரம் ஊருப் புஞ்சையில மேயுதே, ஊருக் கெணத்துல குடிக்குதே, அதை யாரு சாமி பிடிச்சுட்டுப் போறது?"

ராசா மொதல்ல முழிச்சாரு. அப்புறம் மெதுவா ஒரு சிரிப்பு வந்துச்சு. அப்புறம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. அப்பாடான்னு ஊரே ஒண்ணா மூச்சு விட்டுச்சு.

"மந்திரி, நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன். மரம் நிக்கிற எடம் உமக்குத்தான். வேற யாரும் தொடக்கூடாதுன்னேன், தொட மாட்டாங்க. அதனால உம்ம மரத்தை நீரே உம்ம கையால பிடிச்சுட்டுப் போரும். மரம் போயிருச்சுன்னா எடம் அவங்கவங்களுக்கு. ஒண்ணு விடாம முடிக்கிற வரைக்கும் மந்திரி வேலைக்கு வர வேணாம்."

"ராசா, நான் ஒத்த ஆளு..."

"ஆகட்டும்"னாரு ராசா.

மந்திரி கோடாலி எடுத்தாரு. வெட்டினாரு, வெட்டினாரு, கை கொப்பளிக்க வெட்டினாரு. மறு வாரம் ஒண்ணுக்கு நாலா நின்னுச்சு. தீ வச்சாரு, மீசை பொசுங்கினதுதான் மிச்சம், மறு மழைக்குத் தழஞ்சிருச்சு. கடைசியில முள்ளு கிழிச்ச வேட்டியோட இருளாயி வீட்டு வாசல்ல வந்து நின்னாரு.

"ஆத்தா இருளாயி, நீயாச்சும் ஒரு வழி சொல்லு."

சொல்லாதே மதினி, இன்னும் கொஞ்சம் சாகட்டும்னு வீராயி கண்ணைக் காட்டினா. இருளாயி சொல்லிட்டா. அவளுக்கு வேண்டியது ஊருக்குப் புஞ்சை திரும்பணும், அம்புட்டுத்தான். "மழை பேஞ்சு மண்ணு எளகிக் கெடக்கையில தூரைச் சுத்திக் கடப்பாரை போடுங்க. அதுக்குக் கழுத்து மண்ணுக்குள்ள இருக்கு. கழுத்தோட பெயத்தெடுத்தா எந்திரிக்காது."

மொதல்ல வீராயி புஞ்சை. அங்க செடி சின்னதுதான், கையாலயே பிடுங்கலாம். வீராயி வரப்புல காலை நீட்டி உக்காந்து, வெத்தலை போட்டுக்கிட்டே, "அந்தா அங்க ஒண்ணு, இந்தா இங்க ஒண்ணு, கம்பை மிதிக்காம வாங்க மந்திரி"ன்னு வேலை வாங்கினா பாருங்க, அவ சென்மத்துக்கே அப்படிச் சந்தோசப்பட்டதில்ல. அப்புறம் கிழக்குப் புஞ்சை, மேக்குப் புஞ்சை, அரமணை முத்தம். மரம் போகப் போக, துணியை அவுத்து எறிஞ்சுட்டு அவங்கவங்க ஏரு பூட்டினாங்க. கெணத்துல தண்ணி ஊறிச்சு, மொதல்ல ஒரு வாளி, அப்புறம் நாலு வாளி. ஆனா கொட்டை மண்ணுக்குள்ள வருசக்கணக்காத் தூங்கும். ஒவ்வொரு மழைக்கும் நாலு எந்திரிக்கும். அதனால வானம் இருட்டினா ஊரெல்லாம் சிரிக்கும், மந்திரி மட்டும் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுக் கடப்பாரையைத் தேடுவாரு. சாகுற வரைக்கும் அவரு பொழப்பு அதுதான்.

இருளாயி அதுக்கப்புறம் காயை இடிச்சு மாவாக்கித்தான் ஆட்டுக்கு வைப்பா, கொட்டை ஒண்ணு தப்பாது. ஆடு வெளிய மேஞ்சு வந்தா, ஒரு வாரம் மொட்டப்பாறையில அடைச்சு வயிறு சுத்தமான பொறவுதான் எந்தப் புஞ்சைக்கும் கிடைக்கு ஓட்டுவா.

அந்த வருசம் கம்பு நல்ல வெளச்சல். நாத்துனாவும் மதினியும் அடுப்பு முன்னால உக்காந்து புதுக்கம்புக் கூழு குடிச்சாங்க. வீராயி ஒரு வாய் குடிச்சுப்புட்டு, "உப்புக் கம்மி மதினி"ன்னா. "போட்டுக் குடிடி"ன்னா இருளாயி. வீராயி உப்பு எடுக்க எந்திரிக்கல. கலயத்தை மடியில வச்சுக்கிட்டு, அழுதா. "புஞ்சை நம்மளுதுதான, மதினி?"ன்னா. "நம்மளுதுதான்டி, குடி"ன்னா.

யாராச்சும் சும்மா ஒண்ணு தாரேன்னா, வாங்குறதுக்கு முன்னாடி அது வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு பிச்சுப் பாத்துக்கிடுங்க, புள்ளைகளா. இருளாயி பொழச்சா, ஊரு பொழச்சுச்சு. சொன்ன வாய்க்கு வெத்தலை, கேட்ட காதுக்குத் தூக்கம், போய்ப் படுங்க.